சோத்துக்கைப் பக்கம்

ஜனவரி 12

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு நான் நலம். நீங்களும் அண்ணியும் நலமாகத்தான் இருப்பீர்கள். நேற்றுக் கால்பந்துக் கோப்பைக்கான குலுக்கலைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

சீட்டு எப்படி விழுந்திருக்கிறது பார்த்தீர்கள் அல்லவா? நம் இரண்டு நாடுகளும் பிரிவில் முதலிடம் வந்தால் காலிறுதியில் மோத வேண்டும். அந்த அணிக்குக் கோல்கீப்பர் பயிற்சியாளர் நீங்கள். இந்த அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளருக்கு எடுபிடி நான். எங்கள் பெரியவர் இந்தக் கோப்பையோடு ஓய்வு பெறுகிறார். அணி அரையிறுதிக்குப் போனால் அவர் நாற்காலி எனக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். போகாவிட்டால் அவரோடு நானும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு தேர்வுக்குழுவுக்கு நீங்கள் என்னைப் பற்றி எழுதிக் கொடுத்த வரி எனக்கு மனப்பாடம். 'உயரப் பந்துக்கு இவர் கோலை விட்டு வெளியே வரத் தயங்குகிறார். நாட்டு அணிக்குப் போதாது.' தம்பி என்றுகூட இல்லை, 'இவர்'. "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க"ன்னு அன்றைக்கு நான்தான் கத்தினேன். கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு நமக்குள் நல்லது கெட்டது எல்லாம் எழுத்தில்தான்.

கேரம், பரீட்சை, பந்து, எதிலும் நான் உங்களை ஜெயித்ததில்லை. ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது. அப்பா பிரம்பை எடுத்தும் இடதுகையால்தான் சாப்பிடுவேன் என்று நின்ற ஆள் நீங்கள். அந்தப் பிடிவாதத்தை ஜூலை மாதம் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கு வணக்கம். உங்களுக்கும், வழக்கத்துக்காக.

இப்படிக்கு,
தயங்குகிற தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

'நீங்கள்' போட்டு எழுதினால் திட்டு மரியாதை ஆகிவிடாது. எடுத்த எடுப்பிலேயே நீ என்று திட்டு. காகிதமாவது மிச்சமாகும்.

அந்த வரியை மாற்ற மாட்டேன். உயரப் பந்து வந்தால் நீ இரண்டடி வருவாய், அப்புறம் எதிராளியின் முழங்கையைப் பார்த்து நிற்பாய். நின்றதை நின்றாய் என்று எழுதினேன். வேறு எவனாவது நின்றிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். கண்டதை எழுதுகிறவன் நான். அதற்காக நாட்டை விட்டே போனது உன் கொழுப்பு.

எங்கள் கீப்பர் புதுப் பையன். ஆறடி ஐந்து அங்குலம். ஏணி என்று கூப்பிடுகிறேன். ஜூலையில் உனக்கு அறிமுகம் ஆவான்.

அண்ணி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். உடம்பைக் கவனி. இதற்கு மேல் எழுதப் பொறுமை இல்லை.

அண்ணன்


மார்ச் 10

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கோழி கிளறிய குப்பைமேடு தேவலை. அச்சு வார்த்தது மாதிரி எழுதுவீர்களே! பதவி வந்தால் எழுத்துக்கும் தலைக்கனம் ஏறிவிடுமா? இல்லை, இவனுக்கு இது போதும் என்ற அலட்சியமா?

போன வாரம் உங்கள் நட்பு ஆட்டத்தைப் பார்த்தேன். தொண்ணூறு நிமிஷமும் இடதுகையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் உலாத்தினீர்கள். ஆட்டம் முடிந்து எதிரணிக்காரர் இரண்டு கையையும் நீட்டி வந்தார். நீங்கள் ஒரு கையைத்தான் கொடுத்தீர்கள். பெரிய மனுஷத்தனத்துக்கும் ஓர் அளவு உண்டு.

ஏணியையும் பார்த்தேன். சுவர் இல்லாத ஏணி. எந்தப் பக்கம் சாத்தினாலும் விழுவான் போலிருக்கிறது. உங்கள் கண்ணுக்குத் தம்பி போதாது, இது போதும்! தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

அண்ணியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அவருக்கு மட்டும் என் அன்பு.

இப்படிக்கு,
தம்பி


மே 6

தம்பிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதம். வேலை இருந்தது.

என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது. ஏணியைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி? சோத்துக்கைப் பக்கம் அவன் சுவர். ஈ தாண்டாது. பயிற்சியில் அந்தப் பக்கம் நாற்பது பெனால்டி அடிக்க விட்டேன், முப்பத்தொன்றைத் தட்டினான். இன்னொரு பக்கம்தான் கொஞ்சம் வேலை பாக்கி. அதையும் ஆட்டத்துக்குள் முடித்துவிடுவேன். நீ இரண்டடி வந்து நிற்கிற நேரத்தில் அவன் பந்தைப் பிடித்துத் திருப்பி எறிந்திருப்பான்.

இதை உனக்கு எழுதியிருக்கக் கூடாது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். முதலிலிருந்து எழுத என்னால் ஆகாது. போகட்டும்.

அண்ணிக்கு மூட்டுவலி பரவாயில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். தங்கள் கடிதம் கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. இங்கே வெயில் தொடங்கிவிட்டது. வேறு விசேஷம் இல்லை. உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு என் அன்பு.

தம்பி


ஜூலை 5

அண்ணா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

காலிறுதியில் நடந்ததை நீ பார்த்தாய். என் பக்கத்தில் நடந்ததைக் கேள். ஏணி சர்வதேச ஆட்டத்தில் பெனால்டி பிடித்த படம் மொத்தம் மூன்றுதான் கிடைத்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எங்கள் பெரியவர் கையை விரித்துவிட்டார். நான் பலகைக்கு முன்னால் போய் நின்று, கீப்பரின் வலதுபக்கம் ஓர் அம்பு போட்டேன். எல்லாரும் இங்கேதான் அடிக்க வேண்டும் என்றேன். "நிச்சயமா?" என்று கேப்டன் கேட்டான். "அவனுக்குச் சொல்லிக் குடுக்கிறது என் அண்ணன். எனக்குத் தெரியாதா?" என்றேன்.

நீ இடதுகையால் சாப்பிடுகிறவன். உலகத்துக்கெல்லாம் சோத்துக்கை வலது, நம் வீட்டில் மட்டும் இடது. "அவனுக்கு அதுதான் சோத்துக்கை, விடுங்க"ன்னு அம்மாவே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். பின்கட்டில் நாம் பந்து பழகும்போது நீ "சோத்துக்கை!" என்று கத்தினால் நான் இடதுபக்கம் பாய்வேன். பதினைந்து வருஷம் பாய்ந்திருக்கிறேன். சோத்துக்கைப் பக்கம் சுவர் என்று நீ எழுதினால் நான் வேறு எப்படிப் படிப்பேன்? இடதுபக்கம் சுவர், வலதுபக்கம் ஓட்டை என்று படித்தேன்.

ஆட்டம் சமனாக முடிந்து பெனால்டிக்குப் போனது. முதல் பந்து வலதுபக்கம் போனது. தட்டினான். இரண்டாவதையும் தட்டினான். கேப்டன் திரும்பி என்னைப் பார்த்தான். மாற்றாதே என்று கையைக் காட்டினேன். உன் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. மூன்றாவதையும் தட்டினான். உங்கள் ஆட்கள் மூன்றும் அடித்துவிட்டார்கள். நாலாவது ஆளுக்கு வேலையே இல்லை.

என் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு என்னை முகத்துக்கு நேரே குத்தினாய். அதையாவது ஆண்பிள்ளைத்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது நம் வீட்டு வார்த்தையை எடுத்து, அம்மா வைத்த வார்த்தையை எடுத்து, எனக்குக் குழி வெட்டியிருக்கிறாய். சரி, வெட்டிய குழியில் நீயும் விழு. உன் மே மாதக் கடிதத்தின் நகலை உங்கள் கால்பந்துச் சங்கத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அங்கே இருப்பவர்களுக்குச் சோத்துக்கை வலதுதான். அதில் இருப்பது எதிரிக்கு எழுதிய நிஜ ரகசியம் என்று அவர்கள் படிப்பார்கள். நன்றாகப் படிக்கட்டும்.

இனி உனக்குத் தம்பி இல்லை.


ஜூலை 15

தம்பிக்கு,

நலம். அரையிறுதியில் தோற்றோம். அதைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ அனுப்பிய நகல் வந்து சேர்ந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் விசாரணை. என்னைப் பயிற்சி மைதானத்துக்குள் விடவில்லை. வாசல் காவலர் பத்து வருஷமாக எனக்கு வணக்கம் வைக்கிறவர். நேற்று அடையாள அட்டையைக் கேட்டார்.

நான் உனக்குக் குழி வெட்டவில்லை. சோத்துக்கை என்றால் சோத்துக்கை. கோபத்தில் வாய் தவறியது என்னுடைய தப்பு. அதற்கு மேல் விளக்கம் கேட்காதே, சொல்ல மாட்டேன். நம்பினால் நம்பு.

உனக்கு வேலை போனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

அண்ணன்


ஜூலை 16

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே யாரும் நலமாக இல்லை, அதனால் நலம் என்று எழுதவில்லை. நான் எழுதுவது உங்கள் அண்ணனுக்குத் தெரியாது.

இரண்டு பேரும் கடிதம் எழுதுகிறீர்கள், கல்லெறிகிறீர்கள். நடுவில் நான் தபால் பெட்டியைத் திறந்து மூடுகிறேன். போதும் தம்பி.

போன செப்டம்பரிலிருந்து உங்கள் அண்ணனுக்கு இடதுகை இல்லை. இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை. கழுத்து எலும்பு நரம்பை அழுத்துகிறதாம். முதலில் பேனா விழுந்தது, பிறகு கரண்டி, பிறகு சட்டைப் பொத்தான். உடனே ஆபரேஷன் செய்து மூன்று மாதம் படுக்கையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கோப்பை முடியட்டும் என்று இவர் எழுந்து வந்துவிட்டார். சங்கத்தில் பழைய சுளுக்கு என்று சொல்லிப் பைக்குள் மறைத்து வைத்திருக்கிறார்.

பத்து மாதமாக வலதுகையால்தான் சாப்பிடுகிறார். முதல் மாதம் பாதி வாய்க்கும் பாதி சட்டைக்கும் போனது. உங்கள் அப்பாவின் பிரம்பால் ஆகாததை நரம்பு செய்துவிட்டது. இந்த வீட்டில் இப்போது சோத்துக்கை வலதுகை. அவருக்கும் அது பழகிவிட்டது. நீங்கள் பழைய கணக்கில் இருப்பீர்கள் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. உங்கள் ஜூலைக் கடிதத்தைப் படித்துவிட்டு, "ஐயையோ, அவன் அப்படிப் படிச்சிட்டானா?" என்று கேட்டார்.

கடிதமும் வலதுகையால்தான் எழுதுகிறார். ஒரு பக்கம் எழுத ஒரு முழு நாள். கோழி கிளறியது என்று நீங்கள் எழுதியதை என்னிடம் படித்துக் காட்டிச் சிரித்தார். அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

"தம்பிக்குச் சொல்லுங்க"ன்னு எத்தனையோ முறை சொன்னேன். "அவன் பாவம் பார்த்து எழுதற லெட்டர் எனக்கு வேண்டாம். திட்டி எழுதறதே போதும்"னார். கடிதம் தாமதமானால் தபால்காரரிடம் சண்டைக்குப் போகிற ஆள் அவர்தான்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அவர் மேலும் இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

அண்ணி


ஜூலை 28

அண்ணா,

அண்ணி எழுதியிருந்தார். அவரைத் திட்டாதே, திட்டினால் அதற்கும் சேர்த்து உனக்கு வைப்பேன்.

நீ மனுஷனா? கை விழுந்து பத்து மாதம். ஒரு வரி எழுத முடியாதா? நான் கையெழுத்தைக் கிண்டல் செய்கிறேன், நீ பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாய். என்னைக் கல்நெஞ்சக்காரனாக்கி உட்கார்ந்து ரசித்தாயா? உன் கடிதத்தை அன்றைக்கே தபாலில் போட்ட என் கையை வெட்டிப் போடலாம் போல் இருக்கிறது. இதற்கும் நீதான் காரணம்.

இப்போது சொல்வதைக் கேள். விசாரணையில் வாயைத் திறக்காதே. திறந்தால் ஒன்றே ஒன்று சொல். "என் தம்பி சோத்துக்கைன்னா இடதுன்னு எடுத்துக்குவான்னு எனக்குத் தெரியும். அவனை ஏமாத்தத்தான் எழுதினேன்." அவ்வளவுதான். கைதட்டி அனுப்பிவிடுவார்கள். கோபத்தில் உளறினேன் என்று உத்தமன் வேஷம் போட்டால் எதிரிக்கு உளவு சொன்னவன் என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். வேலை இல்லாவிட்டால் ஆபரேஷனுக்கு எங்கே போவாய்?

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

தம்பி


ஆகஸ்ட் 9

துரோகிக்கு,

நலமாவது மண்ணாங்கட்டியாவது.

விசாரணைக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். உட்கார்ந்ததும் தலைவர் ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைக்கிறார். நீ எழுதியது! 'என் அண்ணன் எங்கள் வீட்டு வார்த்தையை வைத்து என்னைத் திட்டமிட்டு ஏமாற்றினார், நான் முட்டாளானேன், கோபத்தில் நகலை அனுப்பிவிட்டேன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கீழே உங்கள் ஊர்ப் பத்திரிகைப் பேட்டி வேறு. அதில் உன் படம், மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அந்தப் பேட்டியைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை எழுதினாயா?

அத்தனையும் பொய் என்றேன். கை செத்துவிட்டது, சோத்துக்கை மாறிவிட்டது, ஆத்திரத்தில் உளறினேன், தப்பு என்னுடையது என்றேன். பையிலிருந்து கையை எடுத்து மேஜை மேல் போட்டும் காட்டினேன். தலைவர் சிரிக்கிறார். "சார், அடக்கத்துக்கும் ஒரு அளவு வேணும். எதிராளியே ஒத்துக்கிட்டான், நீங்க ஏன் மல்லுக்கு நிக்கறீங்க?" என்கிறார். இன்னொருவர், "ரெண்டு கையாலயும் ஏமாத்துவீங்க போல இருக்கே!" என்கிறார். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். ஒப்பந்தத்தை இரண்டு வருஷம் நீட்டிவிட்டார்கள். ஆபரேஷன் செலவு சங்கத்துடையதாம்.

வாழ்நாளில் ஒரு பொய் எழுதியதில்லை. சொந்தத் தம்பி என்றுகூடப் பார்க்காமல் உண்மையை எழுதிக் கெட்ட பெயர் வாங்கியவன். இப்போது தெருவில் போனால் தந்திரக்காரன் என்று கும்பிடுகிறார்கள். வாசல் காவலர் கண்ணடிக்கிறார். தம்பியின் சோற்றில் மண்ணைப் போட்டவன் என்று நாடே என்னைப் பாராட்டுகிறது. இதைவிட என்னை வேலையை விட்டுத் தூக்கியிருக்கலாம்.

யார் உன்னைக் கேட்டது? உடனே இன்னொரு கடிதம் எழுது. நடந்ததை நடந்தபடி எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 22

அண்ணா,

நலம். நீ கொதித்துப் போயிருப்பது தெரிகிறது. எழுத்தில் கொஞ்சம் தேறியிருக்கிறாய், ஒரே நாளில் படித்துவிட்டேன்.

எழுத மாட்டேன்.

எனக்கு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. கீப்பர் கையுறை விற்கிறேன். வாங்க வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் கையை நீட்டி, "இதுல சோத்துக்கை எதுங்க?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டு அளவு எடுக்கிறேன். இந்த நாட்டில் என்னைவிடப் பெரிய முட்டாள் இல்லை என்று அச்சில் வந்துவிட்டது. இனி எந்த அணியும் என்னைச் சேர்க்காது. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

'இவர்' என்று எழுதினாயே, அதை மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன். உயரப் பந்துக்கு நான் தயங்கினேன். அது எனக்கே தெரியும். அன்றைக்கு ராத்திரி என் தோளில் கையைப் போட்டு அதையே நீ சொல்லியிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தாயா? ஒரே மேஜையில் உன் உண்மையும் என் பொய்யும் இருந்தன. நீ நேரில் நின்று, கையைத் தூக்கிப் போட்டு, தொண்டை கிழியப் பேசியும் உன்னுடையது தோற்றது. என்னுடையது ஜெயித்தது. நாற்பது வருஷத்தில் முதல் தடவை, அண்ணா. மேல்முறையீடு கிடையாது.

ஆபரேஷன் செப்டம்பர் மூன்று என்று அண்ணி எழுதினார். இரண்டாம் தேதி வந்து சேர்கிறேன். ரயிலடிக்கு வராதே, வந்தால் அங்கேயே சண்டை வரும். எழுதித் தீர்க்க முடியாத திட்டு நிறைய இருக்கிறது, நேரில் வந்து திட்டுகிறேன். மருந்து மயக்கம் தெளிகிறவரை காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன்னை ஜெயித்தவன்